தேரி, கூந்தன்குளம், மணப்பாடு: சித்திரை வெயிலில் ஒரு கேமரா

கோடையில் கேமராவை உறையிலிருந்து எடுக்காதே என்பதுதான் நான் முதலில் கேட்ட அறிவுரை. சொன்னவர் கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் நண்பர். "மார்கழியில் பனி இருக்கும், ஐப்பசியில் மேகம் இருக்கும், ஆனி ஆடியில் குற்றாலத்துச் சாரல் இருக்கும். சித்திரையில் என்ன இருக்கு? வெயில்தான் இருக்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் பள்ளிக்கூட வாத்தியார். சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பதே வெயில் காலத்தில்தான். சரி, வெயிலையே படம் எடுப்போம் என்று இறங்கினேன். கையில் இருந்தது பழைய கேனான் ஒன்று, அதோடு வந்த 18-55 லென்ஸ் (அகலக் காட்சிக்கு), இரண்டாம் கையாக வாங்கிய 55-250 (தூரத்தை இழுத்துக் காட்ட), கொஞ்சம் ஆடும் டிரைபாட். பாளையங்கோட்டையிலிருந்து பைக்கில் போய்த் திரும்பக்கூடிய இடங்கள் மட்டும் என்று எல்லை போட்டுக்கொண்டேன்.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. யூடியூபில் யாரைக் கேட்டாலும் 'கோல்டன் ஹவர்' என்கிறார்கள். சூரியன் எழுந்த பிறகு ஒரு மணி நேரம், அடைவதற்கு முன் ஒரு மணி நேரம். நம்மூரில் அந்த ஒரு மணி நேரம் கிடையாது. திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்குள் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்வாக ஊர்ந்து வராது, ஏறக்குறைய நெட்டுக்குத்தாக மேலே ஏறும். தொடுவானத்திலிருந்து 6 பாகை ஏற அதற்கு 25 நிமிடம் போதும். லண்டனில் கோடைக் காலையில் அதே உயரத்துக்கு ஏற ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரமாகும். அங்கே இருப்பவர் நிதானமாகக் காபி குடித்துவிட்டு டிரைபாட் விரிக்கலாம். நமக்கு, சித்திரையில் 6.10 வாக்கில் சூரியன் எழுந்தால் 6.35க்குப் பொன்னிறம் வெளுக்கத் தொடங்கிவிடும். 7.30க்கு 20 பாகை உயரம். அதற்குமேல் கிடைப்பது வேறு ஒளி.

இது தெரிந்த பிறகு வேலை முறையே மாறியது. விடியற்காலையில் போய் இடம் தேடுவதை விட்டேன். முதல் நாள் சாயங்காலமே போய், எங்கே நிற்பது, எது முன்னால் வர வேண்டும், சூரியன் எந்தப் பக்கம் எழும் என்று பார்த்து, போனில் அந்த இடத்தைக் குறித்து வைத்துவிடுவேன். மறுநாள் 4 மணிக்குக் கிளம்பினால் ஐந்தரைக்கு முன்பே டிரைபாட் நின்றுவிடும். சூரியன் எழுவதற்கு முந்தைய 20 நிமிடத்தின் நீல வெளிச்சமும் சேர்த்துக் கிடைக்கும். ஒரு காலைக்கு ஒரே இடம்தான். இரண்டு இடம் ஆசைப்பட்டால் இரண்டும் கிடைக்காது.

திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் மேற்கே இருக்கும் குதிரைமொழித் தேரிதான் இந்தக் கோடையில் என்னை அதிகம் இழுத்த இடம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பு மணல் மேடுகள், நடுநடுவே பனை, குடை விரித்த ஓடை மரம், கொல்லாமரம். மணல் துகளின் மேல் இரும்பு ஆக்சைடு பூசினாற்போல் படிந்திருப்பதால் அந்த நிறம். காற்று கொண்டுவந்து குவித்த மணல். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் கடற்கரை மணலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல இருக்கும்.

விடியலில் இங்கே எடுக்க வேண்டியது மணல் வரிகள். காற்று போட்டுவிட்டுப் போன மெல்லிய அலைகள், பக்கவாட்டு வெளிச்சம் பட்டால் மட்டுமே எழுந்து நிற்கும். சூரியன் 10 பாகையைத் தாண்டினால் அதே மணல் சப்பையாகிவிடும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்தால் வரியே தெரியாது. தோள்பட்டைப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் எதிரே இருந்தாலும் நல்லதுதான். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, 18 மில்லிமீட்டரில், லென்ஸ் திறப்பைச் சுருக்கி எஃப் 11 வைத்து, எதிரில் இருக்கும் மணலில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஃபோகஸ் செய்தால், காலடி வரியிலிருந்து தொலைவில் நிற்கும் பனை வரை ஓரளவு கூர்மையாக வரும்.

இன்னொன்று காலடித் தடம். ராத்திரி ஊர்ந்த பாம்பின் கோடு, ஓணான் ஓடிய புள்ளிகள், வண்டு போட்ட தையல் என்று காலையில் தேரி முழுக்க எழுத்து கிடக்கும். அதன்மேல் நம் செருப்புத் தடம் பதிந்தால் அந்தப் பக்கம் அன்றைக்கு முடிந்தது. அதனால் மேட்டின் ஓரமாகவே சுற்றி நடப்பேன், படம் எடுத்து முடித்த பகுதிக்குள் மட்டும் இறங்குவேன். கூட ஆள் வந்தால் அவரையும் என் பின்னாலேயே வரச் சொல்வேன். நண்பர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

நிறத்தில் ஒரு சிக்கல் உண்டு. வொயிட் பேலன்ஸ் (வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருந்தால், ஃபிரேம் நிறையச் சிவப்பைக் கண்டதும் கேமரா அதைச் 'சரி' செய்யப் பார்க்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் தேரி மண் செங்கல் தூளாக, சில நேரம் பழுப்பாகத் தெரியும். பகல் வெளிச்சம் என்ற அமைப்பில் நிறுத்தி, அதை மாற்றவே கூடாது. அடுத்தது ஹிஸ்டோகிராம், படத்தின் இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமுமாகக் காட்டும் வரைபடம். பொதுவான ஒற்றை வரைபடம் எல்லாம் ஒழுங்கு என்று காட்டும், ஆனால் உள்ளே சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நிற்கும். முட்டிய சிவப்பில் மணல் வரியின் நுணுக்கம் போய், பெயின்ட் அடித்தது போல ஆகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு முட்டாத அளவுக்கு அரை ஸ்டாப்போ முக்கால் ஸ்டாப்போ குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்), கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுப்பது என் வழக்கம். பொதுவாகப் பாலைவனப் படம் பற்றிய பாடங்களில் இந்தச் சிவப்பு விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அவர்கள் மணல் மஞ்சள், நம் மணல் சிவப்பு.

இனி உச்சிவேளை. 'வெயில்தான் இருக்கு' என்று நண்பர் ஒதுக்கிய நேரம் இதுதான், எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

சித்திரை பிறப்பதை ஒட்டி, ஏப்ரல் 12, 13 வாக்கில், நெல்லைச் சீமையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வருகிறது. நம் கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுவது, நாமோ அதற்கு மேற்கே இருக்கிறோம். அதனால் இந்த உச்சி 12 மணிக்கு வராது, 12.18ஐ ஒட்டி வரும். நட்டு வைத்த கம்புக்கு அப்போது நிழல் இருக்காது. பனைக்கு அப்படியில்லை. அதன் கொண்டை மொத்தமும் நேர் கீழே விழும். மரத்தின் காலைச் சுற்றி விசிறி விசிறியாக ஒரு வட்டம், நட்ட நடுவில் தண்டு. சிவப்பு மணலில் கருப்பு வட்டம். பத்து நிமிடம் தாமதித்தாலே வட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கும். வருஷத்தில் இந்தச் சில நாட்களில்தான் இது இத்தனை சுத்தமாகக் கிடைக்கும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை வரும், ஆனால் அப்போது காற்றில் ஓலை நிலையாக நிற்காது. மேட்டின் உச்சியில் நின்று, 55-250ஐப் பள்ளத்தில் இருக்கும் பனையை நோக்கிச் சாய்த்து எடுத்தேன். நிழல் கருமையாகவே இருக்கட்டும் என்று விட்டால்தான் படம் நிற்கிறது. கணினியில் நிழலை வெளுக்க வைத்தால் எல்லாம் கஞ்சியாகிவிடும்.

உச்சி வெயிலுக்குக் கருப்பு வெள்ளை மிகவும் ஒத்துப்போகிறது. ரா ஃபைலைக் கருப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பை ஏற்றி, நீலத்தை இறக்கினால் தேரி மணல் ஏறக்குறைய வெள்ளையாகும், வானம் கறுக்கும். பழைய ஃபிலிம்காரர்கள் லென்ஸின் முன்னால் சிவப்புக் கண்ணாடி மாட்டிச் செய்ததும் இதையேதான். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் கண்ணாடியும் இந்த நேரத்தில் ஒரு வேடிக்கை காட்டுகிறது. அது சூரியனுக்கு 90 பாகை விலகிய வானத்தைத்தான் அதிகம் கறுக்க வைக்கும். காலையில் அகன்ற லென்ஸில் மாட்டினால் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகத் திட்டு விழும். சூரியன் உச்சியில் இருந்தால் அந்த 90 பாகை சுற்றிலும் தொடுவானத்தோடு ஒட்டி வந்துவிடும், எந்தத் திசையில் திரும்பினாலும் நீலம் சமமாக இருக்கும். கடல் ஈரம் அதிகமான நாளில் மட்டும் இதை எதிர்பார்க்கக் கூடாது.

ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும் என்பதையும் கவனித்தேன். வருஷம் முழுக்க நிழலில் கிடக்கும் வடக்குப் பார்த்த பாறைச் சரிவுகள், சுவர்கள், பாழடைந்த மண்டபங்கள் இந்த மாதங்களில்தான் வெயில் காணும். அப்படிப்பட்ட இடங்களைக் கோடைக்கென்றே ஒரு பட்டியலாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

தேரியில் மனிதர்கள் உண்டு. கோடைதான் பதனீர்க் காலம், இந்தப் பக்கத்துப் பேச்சில் பயினி. விடிவதற்கு முன்பே பனையேறிகள் மரத்தில் இருப்பார்கள். இடுப்பில் அருவாள்பெட்டி, காலில் தளைநார், வெளுக்கிற வானத்துக்கு எதிரே மேலே போகிற உருவம். யாருக்கும் கை துடிக்கும். ஆனால் ஒருவர் ஏறிக்கொண்டிருக்கும்போது கீழே நின்று கூப்பிடுவதும், ஃபிளாஷ் அடிப்பதும் கூடாது. அவர் கவனம் சிதறினால் நமக்கு ஒன்றும் ஆகாது, அவருக்கு ஆகும். இறங்கி வந்ததும் போய்ப் பேசிவிட்டு, அடுத்த மரத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பேன். ஒருவர் சிரித்தார்.

"என்ன தம்பி, ரொம்ப நேரமா வெறும் மண்ணைப் படம் புடிச்சிட்டுக் கிடந்தீய?"

"மண்ணு நல்லா இருக்கு அண்ணாச்சி. இப்ப உங்களை எடுத்துக்கிடட்டுமா?"

"எடுங்க. ஆனா நான் நிக்க மாட்டேன், வெயில் ஏறுறதுக்குள்ள பயினியை இறக்கணும்."

நிற்காதவரை எடுப்பது எனக்கு நல்லதாகவே முடிந்தது. ஷட்டரை நொடியில் 500ல் ஒரு பங்குக்கு ஏற்றி, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 1600க்குத் தள்ளி, வானத்துக்கு வெளிச்ச அளவு வைத்து உருவத்தைக் கருமையாக விட்டேன். இரண்டு கையும் மரத்தை விட்டு விலகித் தெரியும் கணம்தான் படம். உடம்பும் தண்டும் ஒட்டிவிட்டால் ஒரே கறுப்புத் தூணாகிவிடும். பட்டையில் ஊற்றித் தந்த பதனீருக்குக் காசு வாங்க மறுத்தார், அப்புறம் கருப்பட்டி வாங்கிக் கணக்கைச் சரிக்கட்டினேன்.

கூந்தன்குளம் வேறு மாதிரியான பள்ளிக்கூடம். நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டி பக்கம் இருக்கும் இந்த ஊர் 1994ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, இப்போது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இருக்கிறது. பட்டைத்தலை வாத்துகள் மாதிரியான குளிர்கால விருந்தாளிகள் கோடையில் கிளம்பியிருக்கும். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில், குஞ்சுகளோடு இருக்கும். ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகள் போலப் பார்ப்பவர்கள்.

குளத்துப் பக்கம் 9 மணிக்கு மேல் தூரத்தை இழுக்கும் டெலி லென்ஸ் வைத்து எடுத்த எதுவும் கூர்மையாக வரவில்லை. லென்ஸில் கோளாறு இல்லை. காய்ந்த குளத்து மண்ணிலிருந்து எழும் கானல்தான் காரணம். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து வெளிச்சத்தை வளைக்கும்போது ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் பயனில்லை, விலை கூடிய லென்ஸ் வாங்கினாலும் பயனில்லை. நமக்கும் பறவைக்கும் நடுவில் இருக்கும் காற்றைக் குறைப்பது ஒன்றுதான் வழி. குளத்தை விட்டுவிட்டுத் தெருவுக்குள் வந்து, பக்கத்து மரத்தின் கூட்டை அண்ணாந்து எடுத்தால் தூரம் பத்து இருபது மீட்டர்தான், கானல் தொந்தரவு மறைந்துவிட்டது. ஏசி போட்ட காரின் ஜன்னலைத் திறந்து எடுப்பவர்களுக்கும் இதே சிக்கல் வரும். உள்ளிருந்து வரும் குளிர்காற்று லென்ஸின் முன்னாலேயே ஒரு கானலை உண்டாக்கும். ஏசியை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டு எடுக்க வேண்டும்.

தெருவுக்குள் உச்சி வெயிலில்தான் நல்ல காட்சி கிடைத்தது. குஞ்சுகள் மேல் வெயில் விழாமல் இருக்க, தாய் நாரை சிறகை விரித்துப் பந்தல் போல நின்றுகொண்டிருக்கும். பொன்னிற வெளிச்சத்தில் இந்தக் காட்சி கிடைக்காது, அப்போது அதற்கு அவசியமே இல்லையே. வெள்ளை இறகுக்கு எக்ஸ்போஷரில், அதாவது வெளிச்ச அளவில், மட்டும் கவனம் வேண்டும். பின்னால் இருண்ட இலை இருந்தால் கேமரா ஏமாந்து வெள்ளையை எரித்துவிடும், ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் பறவை கறுத்துப்போகும், ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். ஒரே பறவை கிளை மாறி உட்கார்ந்தால் கணக்கு தலைகீழ். அதனால் அளவை நாமே வைக்கும் மேனுவலில் இறகுக்கு ஏற்ப அளவை வைத்துவிட்டு, பின்னணியை மறந்துவிடுவேன். கூட்டின் கீழேயே போய் நிற்க வேண்டாம். பதறிப் பறந்தால் குஞ்சு வெயிலில் கிடக்கும். எச்சம் தலையில் விழும் என்பது கூடுதல் காரணம்.

மணப்பாட்டுக்குப் போனது நீண்ட எக்ஸ்போஷர், அதாவது ஷட்டரை நொடிக்கணக்கில் திறந்து வைப்பது, பழக. மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே பாறையும் அலையும். 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் இருண்ட கண்ணாடி) விடியலுக்குப் போதும். நொடியில் 15ல் ஒரு பங்காக இருந்தது 4 நொடியாகும், அலை பாறையைச் சுற்றிப் பால்போல வழியும். வெயில் ஏறிய பிறகு 10 ஸ்டாப் வேண்டும். ஃபிரேமையும் ஃபோகஸையும் முடித்து, ஆட்டோ ஃபோகஸை அணைத்த பிறகு ஃபில்டரை மாட்ட வேண்டும், மாட்டிய பின் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. வியூஃபைண்டரைத் துணியால் மூடாவிட்டால் பின்பக்கமாக வெளிச்சம் புகுந்து படத்தில் கறை விழும். ஈர மணலில் டிரைபாட் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் இறங்கும். கால்களை நன்றாக அழுத்திப் புதைத்து, நடுவில் பையைத் தொங்கவிட்டால் நிற்கும். வீட்டுக்கு வந்ததும் டிரைபாட் காலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு பொறுமையாகத் தின்னும்.

ராத்திரி வானத்தைப் பற்றிக் கொஞ்சம். அமாவாசையை ஒட்டிய இரவுகளில், ஏப்ரலில் விடியலுக்கு முன்பும் மே நடுவில் இரண்டரை மணி வாக்கிலும், பால்வெளியின் அடர்ந்த மையம் தெற்கே 50 பாகை உயரத்தில் நிற்கும். ஐரோப்பாக்காரர்கள் தொடுவானத்தை ஒட்டித் தேட வேண்டிய ஒன்று நமக்குத் தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 18 மில்லிமீட்டர், 15 நொடி, ஐஎஸ்ஓ 3200, லென்ஸ் திறக்கும் அளவுக்குத் திறப்பு. அதற்குமேல் நேரம் வைத்தால் நட்சத்திரம் கோடாகும். தேரிக்கு ராத்திரியில் தனியாகப் போக வேண்டாம். பாம்பு ஒரு காரணம். மேடுகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பது இன்னொரு காரணம், பைக் நிறுத்திய இடத்தைப் போனில் குறித்துக்கொள்ளாமல் உள்ளே போகவே கூடாது. வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் பகுதிகளுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுவது நல்லது.

கோடைமழை பெய்த மறுநாள் காலையை மட்டும் எதற்காகவும் விட மாட்டேன். சாயங்காலம் மேற்கே மலைப் பக்கம் மேகம் கோபுரம் கோபுரமாக எழுந்து, இடித்துப் பெய்துவிட்டுப் போகும். காற்றில் தொங்கிய புழுதியை அது கழுவிவிடும். வெயில் காலம் முழுக்கச் சாம்பல் கோடாகத் தெரிந்த மேற்குத்தொடர்ச்சி மலை அன்று மடிப்பு மடிப்பாகத் தெரியும். மழை பெய்யும்போது மின்னலை எடுக்க ஆசை வந்தால் வீட்டுக்குள்ளிருந்து, ஜன்னல் வழியாக, 10 நொடி ஷட்டரில் எடுங்கள். வெட்டவெளியில், அதுவும் பனை மரத்தடியில், டிரைபாட்டோடு நிற்பது படத்துக்காகச் செய்யத்தக்க காரியம் அல்ல.

கருவிப் பராமரிப்பில் பெரிதாக ஒன்றும் இல்லை. பைக் பெட்டிக்குள் உச்சி வெயிலில் கேமராவைப் பூட்டி வைக்காமல், ஈரத்துண்டு சுற்றிய பையில் தோளிலேயே வைத்திருப்பேன், துண்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒரு பாலித்தீன் உறை. தேரியில் லென்ஸ் மாற்றுவதில்லை. புழுதியைத் துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும், ஊதித்தான் எடுக்க வேண்டும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், முழு ஷூ. பத்து மணிக்கு மேல் அந்த மணலில் செருப்போடு நடந்து பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கவும் சரியாக இருந்தது. தேரி மண் பறக்கத் தொடங்கினால் இந்த லென்ஸ்களை வைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது, ஜூம் வளையத்துக்குள் மண் புகுந்துவிடும். ஆனால் மேடுகளின் முகட்டிலிருந்து சிவப்பாகப் புகைபோலக் கிளம்பும் மணலை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. கேமராவுக்கு நல்லதொரு மழை உறை கிடைத்தால், ஆடி பிறந்ததும் ஒரு சனிக்கிழமை போகலாம் என்று அந்தக் கல்யாண வீட்டு நண்பரையும் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.